அமலதாஸின் பாட்டும் சன்னாசியின் நிரையும்

கல்யாண மண்டபங்களில் இன்றைக்கும் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்க, ஒலிபெருக்கியில் ஒரு குரல் குழைகிறது:

ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆடி நிக்கும் வெளக்கு, நீ
பாத்துட்டுப் போனதுலே பாதி உசுரு எனக்கு.

நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கிழவனுக்குக் காதல் பாட்டு ஆகவில்லை என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். பேசட்டும். அதைப் பாடியவனை எனக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்காக ஓர் உயிர் போனதும் தெரியும். அதில் என் பங்கும் உண்டு.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டையிட்ட அவசரகாலத்தில், ராசா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நான் இளைய கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அமலதாஸ் அங்கே பால் வெட்டினான். இருபத்து நான்கு வயது, ஒல்லி உடம்பு, நாலு பேர் எதிரில் பேசக் கூசுவான். ஆனால் பாட ஆரம்பித்தால் தொழிலாளர் லயத்துப் பெண்கள் அடுப்பை மறந்துவிடுவார்கள். ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் குவாந்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், மருந்தகத்தில் வேலை பார்த்த ராஃபேலின் மகள் லில்லியனைப் பார்த்துவிட்டான். அக்கரை மரங்களில் மின்மினிகள் மினுங்கிக்கொண்டிருந்தனவாம். திரும்பி வரும்போது பாட்டோடு வந்தான். பால் வெட்டுகிறவனுக்குப் பெண் இல்லை என்று ராஃபேல் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் ஒலிபெருக்கி வண்டி வந்தது. பாட்டுப் போட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள். பிறகு காட்டில் ஒளிந்திருப்பவர்கள் துப்பாக்கியோடு வந்து சரணடைய வேண்டும் என்று அறிவிப்பார்கள். வந்த அதிகாரியிடம், “எங்க எஸ்டேட்டுலயே ஒரு நல்ல பாட்டுக்காரன் இருக்கான்” என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான். சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

பதிவு செய்துகொண்டு போனார்கள். மூன்றே மாதத்தில் ராசாவிலிருந்து குவாலா சிலாங்கூர் வரைக்கும் அதுவே பாட்டு. ரேடியோவிலும் வந்தது. ராஃபேல் மனம் மாறி, உயிர்ப்புப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம் என்று ஆள் அனுப்பினார். அமலதாஸ் என் காலில் விழாத குறை. ஆனால் வண்டி போன இடமெல்லாம் அவன் பாட்டு முடிந்த அடுத்த மூச்சில் சரணடையச் சொல்லும் அறிவிப்பு வந்தது. காட்டிலிருந்து சிலர் இறங்கியும் வந்தார்கள். மற்றவர்கள் அந்தக் குரலைக் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

தவக்காலத்து நடுவில் ஒரு நாள் பாலை எடை போட்டு முடிந்த பிறகு, அமலதாஸ் ஆபீசுக்குப் பின்னால் வந்து நின்றான். மடித்த காகிதம் ஒன்றை நீட்டினான். அவனுடைய முதல் மரத்து மங்குக் கிண்ணத்தில், பால் விழ வேண்டிய இடத்தில் கிடந்ததாம். அரசாங்கத்துக்குப் பாடும் வாய் இனித் திறந்தால் அடைக்கப்படும் என்று சுத்தமான தமிழில் எழுதியிருந்தது.

“லில்லியனுக்கு இது தெரியக் கூடாது ஐயா. கல்யாணம் நின்னுடும்” என்றான் அவன்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இருசப்பனைக் கூப்பிட்டேன். “போலீசுக்குப் போனா மொதல்ல இவனத்தான் தூக்குவானுங்க லா. காட்டுக்காரன் ஒனக்கு எதுக்குடா கடுதாசி போடுறான்னு கேப்பான். என்ன பதில் இருக்கு?” என்றார் அவர். அவர் சொன்னதும் நியாயம்தான். சந்தேகத்தில் பிடித்துக்கொண்டுபோன ஆட்கள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை.

பாடாமல் இருந்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வெட்டுக்காட்டில் ஒவ்வொருவரும் தனக்கென்று விட்ட மர வரிசையில், அதாவது நிரையில், தனியாக நிற்பார். பாட்டோ கூப்பாடோ, குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிரையில் குரல் நின்றால் பக்கத்து நிரைக்காரன் வாளியைத் தட்டிக் கேட்பான். பதில் இல்லையென்றால் எல்லோரும் வெட்டைப் போட்டுவிட்டு லயத்தைச் சுற்றிய கம்பிவேலிக்குள் ஓடுவார்கள். அமலதாஸின் நிரை காட்டோரத்தில் இருந்தது. அங்கே குரல் கொடுக்காமல் ஒருவன் வேலை செய்ய முடியாது.

ஆகவே நிரையை மாற்றினோம். பக்கத்து நிரையில் சன்னாசி வெட்டினான். நாற்பது வயதுக்காரன், வெண்கலத் தொண்டை, தாளம் அவனுக்குச் சத்துரு. அமலதாஸின் பாட்டில் முதல் அடி மட்டும்தான் தெரியும். அதையே நாள் முழுக்கப் பாடுவான். அவனைக் காட்டோரத்துக்கு அனுப்பி, அமலதாஸை ஒரு நிரை உள்ளே தள்ளினோம். உள்நிரையில் அமலதாஸ் வாயைத் திறக்காமல் வாளியைத் தட்டினால் போதும் என்று ஏற்பாடு. காட்டுக்காரர்களுக்கு அமலதாஸின் முகம் தெரிந்திருக்கும், சன்னாசியைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம். காகிதத்தைப் பற்றிச் சன்னாசியிடம் மூச்சு விடவில்லை. அவனிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்தோம். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“பாட்டுக்காரன் நிரை எனக்கு வந்துருச்சு. இனி நான்தான் பாட்டுக்காரன்!” என்று காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தான் சன்னாசி. அவன் மனைவி தாயம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு, “ரெண்டாவது அடியக் கத்துக்கிட்டு அப்புறம் பேசு” என்றாள். நானும் சிரித்தேன்.

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில், வெயில் மரத்துக்குள் இறங்கிய நேரத்தில், இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. சன்னாசி தன் நிரையின் நடுவில் கிடந்தான். தான் தன் நிரையின் மறுகோடியில் இருந்ததாகவும் வெடிச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்றும் அமலதாஸ் போலீசிடம் சொன்னான். எல்லோரும் நம்பினோம்.

பிறகு அவன் லில்லியனைக் கட்டினான், பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தான், நெஞ்சு வலியில் செத்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் பாடிக் கேட்டதே இல்லை என்று லில்லியன் என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. சன்னாசியின் கருமாதி அன்று அவள் அங்கே இல்லை.

அன்றைக்கு லயத்து வாசலில் சனம் நிறைந்திருந்தது. படையல் முடிந்ததும் தாயம்மா அமலதாஸைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னாள்.

“தம்பி, மறுநாளு நான் அந்த எடத்துக்குப் போனேன். அவரு கெடந்ததுக்கு நேரே, ஒன் நிரையில ஒரு மரம். பாதி வெட்டுல நிக்குது. பால் வெட்டுறவ நான். பாதியில யாரும் கத்திய எடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? நீ அங்கதான் நின்னிருக்க.”

அமலதாஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். “ரெண்டு பேர் வந்தாங்க அக்கா. பாட்டுக்காரன் நீதானான்னு கேட்டாங்க. பாட்டுக் கேக்க வந்த ஆளுங்கன்னு அண்ணன் நெனச்சிட்டாரு. ஆமா, நானேதான்னு சிரிச்சாரு. நான் மரத்துக்குப் பின்னால இருந்தேன். இல்ல, நான்தான்னு சொல்ல வாய் வரல.”

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். அவள் அவனை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவருக்குக் கடைசி வரைக்கும் ரெண்டாவது அடி வரல. அன்னிக்கித் தெறக்காத வாய இன்னிக்கித் தெற. முழுசாப் பாடு.”

காட்டோரம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பாடினால் அந்தக் குரல் அங்கே யாருக்காவது கேட்டு, செத்தவன் பாட்டுக்காரன் இல்லை என்று தெரிந்துவிடுமோ என்று எங்களுக்குப் பயம். சிலர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அமலதாஸ் காட்டை ஒரு தடவை பார்த்தான். பிறகு தாயம்மாவின் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து, உரத்த குரலில், கடைசி அடி வரைக்கும் பாடினான்.