கம்பளி போர்த்திய ஆர்தர் ராஜா

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்பா ஆபீஸ் கிளார்க். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. அப்பாவின் தங்கையான என் அத்தை, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர்தான் என்னை ராஜாவாக்கியவர். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அரசாண்டதில்லை.

பரிசளிப்பு விழாவில் வருடந்தோறும் ஆர்தர் ராஜா நாடகம் போடுவார்கள். பாறையில் செருகிய வாளை உருவி ராஜாவாகிறவர் ஆர்தர். வெள்ளிக் காகிதக் கிரீடம், அட்டைக் கோட்டை, தாடி வைத்த மந்திரவாதி எல்லாம் உண்டு. தங்கள் நாட்டுக் கதை என்பதால் துரைமார் ரசித்துப் பார்ப்பார்கள். அந்த வருடம் அத்தை பழைய நாடகத்தைத் தூக்கி வைத்துவிட்டு, இங்கிலாந்து சரித்திரப் புத்தகங்களைத் தேடிப் படித்து, தமிழில் தானே புதிதாக ஒன்று எழுதினார். அதில் மந்திரவாதியும் இல்லை, கோட்டையும் இல்லை. ராஜா வேஷம் போடவிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தக் காலத்துல ஏது அம்மிணி கல்லுக்கோட்டை? மலைமேல மண்ணுச்சுவரு, சுத்தி மரவேலி, அவ்வளவுதான். அந்தக் குளுருக்கு ராசாவும் கம்பளிதான் போத்தியிருப்பாரு" என்றார் அத்தை.

கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்குப் போர்த்தும் கருப்புக் கம்பளி எனக்கு அரச உடையானது. கண்ணாடியில் பார்த்தேன். கிரீடம் இல்லாமலே ராஜாவாகத்தான் இருந்தேன்.

அத்தையின் ஆர்தர், கடல் தாண்டி வந்து நிலத்தைப் பிடித்தவர்களோடு மோதும் மலைநாட்டுத் தலைவர். ஒத்திகை பார்க்க வந்த அப்பாவின் முகம் மாறியது.

"துரை முன்னால இது வேண்டாம்மா. வேலைக்கே வினையாயிரும்."

"அவுங்க ராசா கதைதானுங்களே அண்ணா. படகுல வந்தவங்க இந்தத் துரைமாரோட முப்பாட்டனுங்க. நான் சொல்லலீங்க, அவுங்க சரித்திரமே சொல்லுதுங்க."

அப்பா அதற்குமேல் தடுக்கவில்லை.

விழாவன்று முன்வரிசை நாற்காலிகளில் துரையும் துரைசாணியும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் எஸ்டேட் ஜனம் முழுக்க நின்றது. துரை புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. அப்பா பக்கத்தில் குனிந்து நின்று ஒவ்வொரு வசனத்தையும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. மர வாளை ஊன்றி நின்று, படகில் வந்தவர்களாக நடித்த பிள்ளைகளைப் பார்த்து முழங்கினேன்:

"கடல் தாண்டி வந்தீங்க, ஒண்ட எடங் கேட்டீங்க, குடுத்தோம். இப்ப எங்க ஊடே உங்களுதுங்கறீங்களே, இது ஞாயமுங்களா?"

பின்னாலிருந்து எழுந்த ஆரவாரத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. துரை திரும்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் என்னவென்று கேட்டார். அப்பா நிமிர்ந்தார். குரலில் தடுமாற்றமே இல்லை. தூரதேசத்து விருந்தினர்களை அரசர் தன் வீட்டுக்கு அழைக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னார். துரை மகிழ்ந்துபோய் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். மேடைக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, தங்கள் ராஜாவை இத்தனை கம்பீரமாகத் தான் பார்த்ததில்லை என்றார். கீழே இறங்கியதும் கொழுந்து பறிக்கிற பெண்கள் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். "எங்க ராசா" என்று ஒருத்தி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

அன்றைக்கு ஒரே ஒரு குறைதான். அத்தை சொல்லிக்கொடுத்திருந்த கொஞ்ச இங்கிலீஷுக்கே அப்பாவின் தவறு எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"என் வசனத்தைத் தப்பாச் சொல்லிட்டீங்களேப்பா?"

"ஆமா அம்மிணி. எனக்கு இங்கிலீசு அவ்வளவு பத்தாது" என்றார் அப்பா.

ஆபீஸின் இங்கிலீஷ் கடிதம் அத்தனையையும் எழுதுகிறவர் அவர்தான். பின்னால் வந்த அத்தை ஓட்டமாக வந்து அண்ணன் கையைப் பற்றிக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை. ஆசையாக எழுதிய நாடகத்தில் முக்கியமான இடத்தைக் கெடுத்தவர்மேல் அத்தைக்கு எதற்கு அத்தனை பிரியம் என்று எனக்கு விளங்கவேயில்லை.