டேப்பக்காவின் அளவு நோட்டில் ஒரு சுவர்

“மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க தம்பி. தொந்தி எங்க போயிடும்? சட்டைய மாட்டினதும் தானா வந்து நிக்கும்” என்றபடி தபால்காரரின் இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டுகிறார் டேப்பக்கா. தபால்காரர் வெட்கத்தோடு மூச்சை விட்டதும், விட்ட மூச்சையும் சேர்த்தே அளந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

கடற்கரைச் சாலையில் தையல்கடை வைத்திருக்கும் அவரை இயற்பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. காய்கறிக் கடை, ஆஸ்பத்திரி, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் கழுத்தில் அந்த மஞ்சள் டேப் தொங்கும். எதிரில் வருகிறவர்களை அவர் நலம் விசாரிப்பதில்லை, கண்ணாலேயே அளந்துவிடுவார். “ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கே, வீட்ல நல்ல சாப்பாடு போல!”

தைத்து முடித்த துணியைச் சும்மா மடித்துக் கொடுத்துவிடவும் மாட்டார். தையலின் இருபுறமும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழு இழுப்பார். புதுத்துணி வாங்க வந்தவர்கள் பதறிப்போய்க் கையை நீட்டுவார்கள். “பிரியறதுன்னா இங்கயே பிரியட்டும். நடுரோட்டுல பிரிஞ்சா யாரோட மானம் போகும்?” என்பார்.

கடைக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், கடல் தடுப்புச் சுவர். யார் கட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லாத அளவுக்குப் பழையது. போன மழைக்காலத்தில் அதன் விரிசல் வழியே கடல் உள்ளே வந்து, சாலையைத் தாண்டி, தையல் மிஷினின் மிதிகட்டையை நனைத்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஒன்றாம் தேதி தவறாமல் கடையைத் திறந்த கையோடு சாலையைக் கடந்து விரிசலை அளப்பார். அது முடியும் இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவார். நோட்டில், தபால்காரரின் இடுப்புக்கும் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கும் நடுவே எழுதியிருக்கும்: சுவர், 31. அடுத்த மாதம் 34. “இந்த வயசுலயும் மாசாமாசம் வளர்றாரு பாருங்க” என்று சிரிப்பார். சிரித்தாலும் பயம்தான். அடுத்த முறை தண்ணீர் வந்தால் மிதிகட்டையோடு நிற்காது, மிஷினையே மூழ்கடித்துவிடும். அவருக்கு வேறு கடையும் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது.

சுவரைச் சரிசெய்ய நகராட்சி சம்மதித்தது, ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. வேலை முடிய மூன்று மாதம் சாலை அடைபடும்; அத்தனை கடைக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் அடுத்த வருடம்தான். டேப்பக்கா படிவத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

“இந்த விரிசல் எங்கப்பா காலத்துலருந்து இப்படியேதான் இருக்கு. அதுக்காக மூணு மாசம் நான் ஈ ஓட்டணுமா?”

டேப்பக்கா நோட்டை நீட்டினார். ஏழு மாதக் கணக்கு, கடைசியில் 46.

“துணி அளக்குற டேப்பு இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். வாங்க, நான் அளந்து காட்டுறேன்” என்று இரும்பு டேப்போடு கிளம்பினார் அவர். தெருவே பின்னால் போனது.

குந்தி உட்கார்ந்து, விரிசலின் அடியிலிருந்து நுனிவரை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். “நாப்பத்தேழு” என்றார், குரல் இறங்கிப்போய்.

இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதினைந்து வருடம் கழுத்தில் தொங்கிய மஞ்சள் டேப் முழுசாக ஒரு இஞ்ச் நீண்டு போயிருந்தது! டேப்பக்காவின் முகம் சுண்டிவிட்டது. “அப்ப நாங்க போட்டிருக்குறதெல்லாம்?” என்று பேக்கரிக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

“உடம்புக்கும் அதே டேப்பு, துணிக்கும் அதே டேப்பு. எல்லாம் சரியாத்தானேய்யா இருந்துச்சு!” என்று டேப்பக்கா சீற, கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அவருக்கும் அடக்க முடியவில்லை.

ஹார்டுவேர்காரர் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்த சாக்கட்டிக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே போனார். கடைசிக் கோட்டில் விரல் நின்றது. “நீங்க கம்மியாத்தான் சொல்லியிருக்கீங்கக்கா” என்றவர், “பேனா குடுங்க” என்று கையை நீட்டினார்.

மூன்று மாதமும் கடைகள் பின்தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடந்தன. ஆணி வாங்க வந்தவர்கள் பாவாடைக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். பேக்கரிக்காரர் வேலையாட்களுக்கு ரொட்டி சுமந்தார். டேப்பக்கா மணல் மூட்டைகளுக்கு இரட்டைத் தையல் போட்டார், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத்தான் அனுப்பினார். ஹார்டுவேர்காரர் புது டேப் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். இப்போது கழுத்தில் இரண்டு தொங்குகின்றன.

சாலை திறந்த காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. திறப்புக்கு வந்த நகராட்சி அதிகாரி பேச ஆரம்பித்திருந்தார். டேப்பக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகச் சுவரிடம் போனார். விரிசல் இருந்த இடத்தில் புது சிமென்ட் சாம்பல் நிறத்தில் ஓடியது. அதன் இந்தப் பக்கம் ஒரு கையையும் அந்தப் பக்கம் ஒரு கையையும் அழுத்தி வைத்து, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழு இழுத்தார்.