ஒரு மணிக்குள் வரவேண்டிய சாமியார்

என் பேரப்பிள்ளைகள் கோவில் வாசல் வரைக்கும் மிட்டாயைச் சப்பிக்கொண்டே வருகிறார்கள். கேட்டால், பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நன்மை அப்பம் வாங்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டால் போதுமாம், சாமியாரே சொல்லிவிட்டாராம். எனக்கு வருகிற ஆத்திரம் சொல்லி மாளாது. எங்கள் காலத்தில் நடுநிசிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கினாலும் அன்றைக்கு நன்மை கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாரோ, அவர் சித்திரை மாதத்தில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் வந்து பார்த்தவராக இருக்க முடியாது.

நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர் வீடுகள் கொஞ்சம்தான். கூரை வேய்ந்த சின்னக் கோவில் ஒன்று, அதைப் பார்த்துக்கொள்ள உபதேசியார் ஒருவர். சாமியார் டவுனிலிருந்து மாட்டு வண்டியில் வரவேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிசு. வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை இல்லை, உபதேசியாரின் செபமும் நீண்ட பிரசங்கமும்தான். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு சித்திரையில் எனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நன்மை வாங்குகிற சடங்கு, என்று ஏற்பாடாயிற்று. ரேஷன் சர்க்கரையை அம்மா எனக்குக்கூடக் கண்ணில் காட்டாமல் பாயசத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். முந்தின நாளே இட்லிக்கு மாவு அரைத்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் இட்லி என்பது பெரிய திருநாளுக்கு மட்டும்தான்.

இந்தக் கதையில் முக்கியமான ஆள் என் அத்தை, அப்பாவின் அக்கா. அம்மாபேட்டையிலிருந்து எங்கள் ஊருக்குத் தறி வேலைக்கு வந்தவரைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். மாமா நம் வேதமில்லை. அவர்கள் கலியாணம் எங்கள் கோவிலில் நடக்கவும் இல்லை. ஆகையால் அத்தைக்கு நன்மை கிடையாது. பெரியவர்கள் எனக்கு இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். நான் என்ன நினைத்துக்கொண்டேன் தெரியுமா? பூசையன்று காலையில் அத்தை கிண்ணத்தில் பழையது கரைத்துக் குடித்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் பீடத்துக்குப் போக அவள் மட்டும் கடைசித் தூண் பக்கம் உட்கார்ந்தே இருப்பாள். அத்தைக்குப் பசி தாங்காது, அதனால்தான் நன்மை இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். சரியான சாப்பாட்டு ராமி என்று மனதுக்குள் ஒரு இளப்பம் வேறு.

அந்தத் தடவை ஆண்டவரிடமிருந்து, அதாவது சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரிடமிருந்து, உத்தரவு வந்திருந்தது. சாமியார் வந்து அத்தை, மாமா இரண்டு பேர் கையையும் சேர்த்து மந்திரித்துவிட்டால் அத்தைக்கும் அன்றைக்கே நன்மை உண்டு. மாமாவும் சரி என்று சொல்லியிருந்தார். பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்களே தவிர, எனக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் வெள்ளைப் பாவாடை சட்டையும் மாமா தறியில் நெய்த வெள்ளை முக்காடும் போட்டு என்னைக் கோவிலில் முன்னால் உட்கார வைத்தார்கள். சாமியார் வரவில்லை. வெயில் ஏறியது. வருகிற வழியில் ஏதோ ஒரு ஊரில் சாகக் கிடந்த கிழவருக்குக் கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் கொடுக்கப் போய்விட்டார் என்று சேதி வந்தது. கிழவர் சட்டென்று போய்ச்சேர்ந்தாரா என்றால் அதுவும் இல்லை.

அந்தக் காலத்துச் சட்டப்படி பூசையைப் பகல் ஒரு மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். தாண்டினால் அன்றைக்குப் பூசை இல்லை. இந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் மெல்லக் கழன்றுகொண்டது. என்னோடு புதுநன்மைக்கு உட்கார்ந்த பையனை அவன் அம்மா இழுத்துக்கொண்டு போய்க் கஞ்சி ஊற்றிவிட்டாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து எனக்கு நேராக நின்று ஏப்பம் விட்டான். மிச்சமிருந்தவர்களைப் பிடித்து வைக்க உபதேசியார் பிரசங்கத்தை ஆரம்பித்தார். கானானேயப் பெண் ஒருத்தி சேசுநாதர் பின்னாலேயே கத்திக்கொண்டு போன கதை. சீஷர்கள் விரட்டச் சொன்னார்களாம், அவர் முதலில் பதிலே பேசவில்லையாம், பிள்ளைகளின் அப்பம் உனக்கில்லை என்றுகூடச் சொல்லிவிட்டாராம், அப்போதும் அவள் போகவில்லையாம், மேசையிலிருந்து விழுகிற துணுக்காவது கிடைக்காதா என்றாளாம். விசுவாசத்தில் விடாப்பிடி என்றால் இதுதான் என்று உபதேசியார் திருப்பித் திருப்பிச் சொன்னார். அப்பம், துணுக்கு என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் வயிறு கூப்பிட்டது. மனுஷருக்குப் பிரசங்கம் செய்ய வேறு கதையா கிடைக்கவில்லை?

அப்பா வந்து அத்தையிடம் மெதுவாகச் சொன்னார். "ஏனக்கா, இனி வரமாட்டாருங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம். புள்ளைக்காச்சும் தண்ணி குடு."

"அடுத்த தடவ, அடுத்த தடவன்னுதான் எந்தலை நரைச்சுப்போச்சு" என்றாள் அத்தை. "நீ போயி உண்ணு. நானும் புள்ளையும் எந்திரிக்க மாட்டோம்."

என்னை யார் கேட்டார்கள்? என் மணிக்கட்டு அவள் கையில் இருந்தது. ஒரு நாள்கூடப் பசி தாங்காத அத்தைக்கு, நான் தாங்கவேண்டிய நாளில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வைராக்கியம் என்று பல்லைக் கடித்தேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

வாசல் வேப்பமரத்தடியில் மாமா உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு யோசனை வந்தது. தலை சுற்றுகிறது என்று சிணுங்கினேன். அத்தை என்னை மாமாவிடம் ஒப்படைத்து, கிணற்றடியில் முகம் கழுவிக் கூட்டிவரச் சொன்னாள். மாமா நம் வேதமில்லையே, அவருக்கு என்ன, ஒரு வாய் குடி என்று விட்டுவிடுவார் என்று நம்பிப் போனேன். தண்ணீரைச் சேந்திக் காலில் ஊற்றினார், உச்சந்தலையில் ஊற்றினார். "வாய இறுக்கி மூடிக்க சாமி" என்று சொல்லிவிட்டு முகத்தில் அடித்தார். உதட்டில் நின்ற துளியை நான் நக்குவதற்குள் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டார். தன் வாயையும் அப்படியே துடைத்துக்கொண்டார். நான் அழுதேன். நல்ல மாமா வாய்த்தார்!

உபதேசியாரின் கடிகாரத்தில் பன்னிரண்டரை தாண்டிய பிறகு வண்டிச் சத்தம் கேட்டது. சாமியாரும் பூசைக்காகப் பட்டினிதான். இறங்கும்போதே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அத்தை ஓடிப்போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவசர அவசரமாகக் கலியாணம். மாப்பிள்ளை வேதமில்லாதவர் என்பதால் பீடத்துக்கு முன்னால் கூடாதாம், வெயிலடிக்கிற தாழ்வாரத்தில் நிற்க வைத்தே நடந்தது. மாமா கேட்டதற்கெல்லாம் சரிங்க, சரிங்க என்றார். பூசை ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கியது. மணிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் எல்லாரும் வயிறு நிறைந்தவர்கள். எங்கள் அப்பா உட்பட அத்தனை பேரும் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியாரும் அத்தையும் நானும் மட்டும் முன்னால் போனோம். காய்ந்த வாயில் நன்மை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அத்தையின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். பசிதான், வேறென்ன என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். அத்தை கோவிலிலேயே முழந்தாளில் இருந்தாள். என்ன கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லையாம். எனக்குப் பக்கத்தில் மாமாவுக்கு இலை போட்டு இட்லி வைத்தாயிற்று. அவர் தொடவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து இந்த மனுஷரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அம்மா சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க மாமா, உங்களுக்குத்தான் நன்மை இல்லீங்களே. காலையிலயே உண்டிருக்கலாமுல்ல?"

"உங்கத்தை எத்தனையோ வருசமா என்னாலதான சாமி பசியோட உக்காந்திருந்தா" என்றார். "ஒரு நாளாச்சும் கூட இருக்கோணுமில்ல."

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். அத்தையாவது, பசியோடு உட்காருவதாவது! ஒவ்வொரு பூசைக்கும் பழையதை வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தவளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேனே. வெயிலில் பாவம், மாமாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். அத்தை வருகிறவரைக்கும் அவர் சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்ததும், அவர் இலையில் ஆறிக்கொண்டிருந்த இட்லியில் ஒன்றை எடுத்து என் இலையில் போட்டுக்கொண்டேன்.