அக்காவுக்கு வந்த பிரெஞ்சுக் கடிதம்

நான் ஜெர்மனிக்குப் படிக்க வந்தது பிரெஞ்சுச் சட்டம். படித்த மொழி ஆங்கிலம். இதைச் சொன்னால் யாரும் முதல் தடவையிலேயே நம்பியதில்லை. திருச்சி நீதிமன்றத்தில் இரண்டு வருடம் ஜூனியராக வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு சீனியர் பின்னால் நடந்தவள் நான். பிரெஞ்சுச் சட்டத்திலும் ஐரோப்பியச் சட்டத்திலும் ஒரு மேற்படிப்பு இருப்பதாக இணையத்தில் பார்த்து விண்ணப்பித்தேன். பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஜெர்மனும் வேண்டாம், ஆங்கிலம் போதும் என்று போட்டிருந்தார்கள். போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வகுப்பில் பதினாறு பேர். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் பிரிவுகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்போம். அடிக்குறிப்பில் மூலச் சொல் சாய்ந்த எழுத்தில் இருக்கும். பேராசிரியர் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்வார், நாங்கள் எழுத்துக் கூட்டி எழுதிக்கொள்வோம். அதைச் சரியாகச் சொல்லக்கூட எனக்கு வராது. ஆனால் பிரான்சில் ஒருவர் இறந்துபோனால் அவர் வீடு யாருக்குப் போகும், பிள்ளை இல்லாவிட்டால் யாருக்கு, பெற்றோரும் இல்லாவிட்டால் யாருக்கு என்று கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

சனிக்கிழமைகளில் டுசல்டோர்ஃபில் ஒரு தமிழ்க் கடையில் வேலை பார்த்தேன். கறிவேப்பிலையைப் பொட்டலம் போடுவது, கல்லாவில் நிற்பது. கெல்சென்கிர்ச்சனிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு அக்கா வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். அறுபது வயது இருக்கும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கணவர் இறந்துவிட்டார், மகன் ஹம்பேர்க்கில். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு மே மாதச் சனிக்கிழமை அவர் சாமான் எதுவும் எடுக்காமல் நேராகக் கல்லாவுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் பிரெஞ்சுச் சட்டமோ படிக்கிறியள்? முதலாளி சொன்னவர்."

"ஆமாக்கா."

"அப்ப இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். உள்ளே இரண்டு தாள், இருபக்கமும் நீல மையில் சாய்வான கையெழுத்து. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கையெழுத்தை அதனால் படிக்க முடியவில்லை, என்னவோ உளறியது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"எனக்குப் பிரெஞ்சு தெரியாதுக்கா. நாங்க இங்கிலீஷ்லதான் படிக்கிறோம்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "சட்டம் அங்கத்தையச் சனத்துக்குத்தானே தங்கச்சி?"

வகுப்பில் பிரெஞ்சு தெரிந்த தோழி ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்கா முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இது என்ர தம்பியின்ர அலுவல். பாரிசுக்குப் பக்கத்தில இருக்கிறான். கடிதத்துக்குள்ள அவன்ர பேர் கிடக்கு. பதினொரு வருசமா ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை. இப்ப மனம் மாறி ஆரையோ பிடிச்சு எழுதுவிச்சிருக்கிறான். தமிழில எழுத வெக்கம் போல."

"உங்க மகன்கிட்ட காட்டலையா?"

"மாமனைப் பற்றிக் கதைச்சா அவன் என்னைத்தான் ஏசுவான். முதல்ல என்ன எண்டு பாப்பம்."

என் தோழி செனகலிலிருந்து வந்தவள். திங்கட்கிழமை உணவுக்கூடத்தில் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்ததும் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"இது யாருக்கு வந்தது?"

"தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு."

"அவருக்குத் தெரியுமா?"

"என்ன?"

அவள் முழுவதையும் படித்து முடித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியவர் ஒரு பெண். ஒன்பது வருடமாக அந்தத் தம்பியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர், திருமணம் செய்துகொள்ளவில்லை. பிப்ரவரியில் நுரையீரல் நோயால் தம்பி மருத்துவமனையில் இறந்துவிட்டார். அவர் சொல்லியிருந்தபடியே எரித்தாயிற்று. சாம்பல் எரியூட்டும் இடத்தில் இருக்கிறது, அங்கே ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அதை வைக்க விரும்புகிறேன். அவருக்கு ஒரு அக்கா இருப்பது தெரியும், உங்களைக் கேட்காமல் வைக்க மனம் வரவில்லை. கடைசி வரி மட்டும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதத் தெரியவில்லை, மன்னியுங்கள்.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தார். "வாசிச்சாச்சோ?" வியாழக்கிழமையும் செய்தார். இதைப் போனில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன். "ஓம், வாங்கோ. சாப்பிடாமல் வாங்கோ" என்றார்.

கெல்சென்கிர்ச்சன் வரை ரயிலில் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனேன். திருச்சியில் ஜாமீன் மனுவுக்குக்கூட நான் அவ்வளவு தயார் செய்ததில்லை. கதவைத் திறந்ததும் மீன் குழம்பு வாசம். அடுப்பில் மூன்று சட்டி. இரண்டு தட்டு வைத்திருந்தார்.

"முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு வாசிப்பம்."

"அக்கா, அந்தக் கடிதம் தம்பி எழுதச் சொன்னது இல்ல."

அவர் கையில் அகப்பை இருந்தது. "அப்ப ஆர்?"

"அவர் கூட இருந்த ஒரு அம்மா. அவருக்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கு."

"ஆஸ்பத்திரியில நிக்கிறானோ?"

"இல்லக்கா."

கோத்து வைத்த வாக்கியங்கள் எதுவும் தேவைப்படவில்லை. அவர் அடுப்பை அணைத்தார். சட்டிகளை ஒவ்வொன்றாக மூடினார். ஒரு மூடி சரியாகப் பொருந்தவில்லை, அதை எடுத்துத் திருப்பிப் போட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எப்ப?"

"பிப்ரவரியில."

விரல் மடக்கி எண்ணினார். "மூண்டு மாசம் நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றார். அழுகை பிறகுதான் வந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடலாமா என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எரித்தாயிற்று என்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். முகம் மாறிவிட்டது.

"அவள் ஆர் எரிக்க? கலியாணமும் கட்டேல்லை. நான் கூடப் பிறந்தவள். சட்டப்படி சாம்பல் எனக்குத்தானே? ஊரில கீரிமலைக் கடலில கரைக்க வேணும். கேஸ் போடலாமோ?"

அந்த நேரத்தில் அவருக்குப் பிடிமானமாக எதையாவது கொடுக்க வேண்டும்போல் இருந்தது. "நீங்கதானே ரத்த சொந்தம். உரிமை உங்களுக்குத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொத்து யாருக்கு என்று படித்திருந்தேன். சாம்பல் யாருக்கு என்று படித்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து நூலகத்தில் உட்கார்ந்தேன். அகராதியும் தோழியும் துணை. நான்கு நாளில் விஷயம் விளங்கியது. வாரிசுகளுக்கு இருப்பதுபோல இதற்கு வரிசை எதுவும் இல்லை. இறந்தவர் என்ன விரும்பினார் என்பதுதான் முதல் கேள்வி. தகராறு என்று வந்தால், அவருடைய கடைசிக் காலத்தில் அவரோடு நெருங்கி இருந்தவர் யார், அவர் மனதை அறிந்தவர் யார் என்று நீதிபதி பார்ப்பார். கூடப் பிறந்தவர் என்பது மட்டும் போதாது. தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க, அக்காவுக்கு நான் சொன்னது தவறு என்பது உறுதியானது.

சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, டிராம் நிறுத்தத்துப் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன்."

எல்லாவற்றையும் விளக்கினேன். அதோடு விட்டிருக்கலாம். வக்கீல் புத்தி, கட்சிக்காரரைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் கடைசியா என்ன பேசினீங்க?"

அவர் தெருவைப் பார்த்தபடி சொன்னார். அம்மா ஊரில் இறந்தபோது தம்பிக்குப் பிரான்சில் இன்னும் விசா இல்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. அக்கா மட்டும் போனார். கொள்ளி வைக்க ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சடங்கு முடிந்து அந்த வீட்டிலிருந்தே தம்பிக்குப் போன் செய்திருக்கிறார்.

"நீயும் ஒரு ஆம்பிளைப் பிள்ளையோ எண்டு கேட்டனான். பெத்த தாய்க்குக் கொள்ளி வைக்க வராத நீ இருந்தென்ன செத்தென்ன எண்டு கேட்டனான். அவன் ஒண்டும் சொல்லேல்லை. போனை வச்சிட்டான். அதுதான் கடைசி."

டிராம் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"பாதியாவது தருவினமோ?" என்றார்.

"இல்லக்கா. சாம்பலைப் பிரிக்கக் கூடாதுன்னு அங்க சட்டம் இருக்கு. முழுசா ஒரே இடத்துலதான் இருக்கணும்."

"ம்" என்றார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அவளுக்கு எழுதுங்கோ, நான் வாறன் எண்டு" என்றார்.

ஜூலையில் போனோம். அதிகாலை ரயிலேறி, பாரிசில் இறங்கி, புறநகர் ரயில் மாறினோம். நிலையத்தில் அந்தப் பெண் காத்திருந்தார். அக்கா வயதுதான். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை, தம்பியும் அங்கேதான் வேலை பார்த்திருக்கிறார். இருவரும் கை கொடுத்துக்கொள்ளவும் தெரியாமல், கட்டிக்கொள்ளவும் தெரியாமல் நின்றார்கள்.

வீட்டுச் சமையலறையில் என் தோழியைப் போனில் அழைத்து மேசை நடுவில் வைத்தேன். அவள் குரல்தான் எங்கள் எல்லோருக்காகவும் பேசியது. சாம்பலை அங்கே வைப்பதில் அக்காவுக்கு ஆட்சேபணை இல்லை என்று இரண்டு மொழியில் ஒரு பத்திரம் தயார் செய்து கொண்டுபோயிருந்தேன். நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாதே என்று. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தார். பிறகு அக்காவை உள்ளறைக்கு அழைத்துப்போய் அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கம் ஒரு பார்சல் முகவரிச் சீட்டு ஒட்டியிருந்தது. சண்டைக்கு முந்தைய ஒரு தீபாவளிக்கு அக்கா சட்டை அனுப்பிய பார்சல். அனுப்புநர் இடத்தில் அக்காவின் முகவரி, அவர் கையெழுத்திலேயே. கடிதத்துக்கு முகவரி கிடைத்தது அதிலிருந்துதான். அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவர் பெயரைச் சரியாக எப்படிச் சொல்ல வேண்டும்? காகிதங்களில் எல்லாம் தப்பாக இருக்கிறது. நான் சுருக்கித்தான் கூப்பிட்டேன். கல்லறைப் பலகையில் சரியாக எழுத வேண்டும். அக்கா மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் திரும்பச் சொன்னார், தவறியது. அக்கா மறுபடி சொன்னார். நாலைந்து தடவைக்குப் பிறகு வந்தது. அக்கா ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் சுவர்போல் கட்டி, வரிசையாகக் கலசம் வைக்கும் மாடங்கள். அன்று மதியத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊழியர் சாம்பல் கலசத்தைக் கொண்டுவந்ததும், ஒருக்கா என்ர கையில தரச் சொல்லுங்கோ என்று அக்கா எனக்குச் சைகை செய்தார். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பிறந்தவுடனயும் இவ்வளவு பாரம்தான் இருந்தவன். எனக்குப் பத்து வயசு. நான்தான் தூக்கித் திரிஞ்சனான்."

நான் இதை மொழிபெயர்க்க வழி தேடவில்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊழியர் அவசரப்படுத்தாமல் தள்ளி நின்று கையுறையைக் கழற்றினார். அக்கா திருநீறு கொண்டுவந்திருந்தார், மாடத்துக்குள் ஒரு சிட்டிகை வைத்தார். கலசத்தை உள்ளே வைத்தது அந்தப் பெண். மூடியை நான்கு திருகாணி போட்டு முடுக்கினார்கள்.

திரும்பும் ரயிலில் அக்கா நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜெர்மன் எல்லைக்குள் வந்ததும், ஆகன் நிலையத்தில், சோதனைக்குப் போலீஸ்காரர்கள் ஏறினார்கள். அவர் தன் ஜெர்மன் கடவுச்சீட்டைக் காட்டினார், நான் மாணவர் அனுமதி அட்டையைக் காட்டினேன். அவர்கள் இறங்கிப் போன பிறகு, "அவனிட்ட இது இருந்திருந்தா அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வந்திருப்பான்" என்றார் கடவுச்சீட்டைப் பைக்குள் வைத்தபடி. "எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆறுதல் எதையும் எதிர்பார்த்து அவர் சொன்னதாகத் தெரியவில்லை. டுசல்டோர்ஃபில் இறங்கியபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. காலை ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்தில் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்றார். என் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு, கெல்சென்கிர்ச்சன் ரயில் நிற்கும் மேடைக்குப் படியேறிப் போனார்.