படத்தின் ஓரத்தில் நின்ற மூன்று சக்கர வண்டி

என் மாமியார் மதியம் பார்ப்பது தமிழில் குரல் மாற்றி வரும் இந்தித் தொடர். நான் அதையே இந்தியில், கைப்பேசியில் பார்ப்பவள். அவருடைய டிவியில் இனி நடக்கப்போவது எனக்குப் பல மாதங்கள் முன்பே தெரிந்திருக்கும்.

"ஏம்மா, அந்தப் பெரிய மருமவ செத்துப்பூடுவாளா?" என்று சமையலறை வாசலில் வந்து நின்று கேட்பார்.

"நீங்களே பாருங்க அத்தை."

"நெஞ்சழுத்தக்காரி. ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறஞ்சிபூடுவ?"

அவரிடம் சொல்லாததையெல்லாம் நான் வேறொரு இடத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் அது. அதில் இந்தித் தொடர்களைப் பற்றிய கட்டுரைகள்தான் என் பகுதி. கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், எந்தப் பாத்திரத்தில் யாருக்குப் பதில் யார் வந்தார் என்பது போன்றவை. பள்ளியில் படிக்கும்போதே இந்திப் பரீட்சைகளை வரிசையாக எழுதித் தேறியவள் நான். கல்யாணமாகி வந்தபின் அந்த இந்திக்கு இது ஒன்றுதான் வேலை. புனைபெயரில்தான் எழுதினேன். அறிமுகப் பக்கத்தில் மட்டும், 'எல்கேஜி படிக்கும் பெண் குழந்தையின் தாய்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். எழுதியபோது பெருமையாக இருந்தது.

ஒரு தொடரின் பட்டியலில் சண்டை வந்தது. இரண்டாவது நாயகியை முதன்மைப் பாத்திரங்களில் சேர்ப்பதா, துணைப் பாத்திரங்களில் சேர்ப்பதா? நான் கீழே இறக்குவேன். இன்னொருவர் மேலே ஏற்றுவார். அவருக்கும் புனைபெயர்தான், ஆணா பெண்ணா என்று தெரியாது. அவள் இல்லாமல் கதையே இல்லை, உங்களுக்குக் கண் இல்லையா என்று இந்தியில் கேட்டார். நான் விதிகளை எடுத்துக் காட்டினேன். இறக்குவதும் ஏற்றுவதுமாக அது நீண்டது.

ஒரு நாள் கைப்பேசி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் என் கணக்கிலிருந்து வெளியே வந்திருக்கிறது. கவனிக்காமல், வழக்கம்போல நாயகியைக் கீழே இறக்கிச் சேமித்துவிட்டேன். கணக்குக்குள் நுழையாமல் திருத்தினால் புனைபெயருக்குப் பதிலாக நம் வீட்டு இணைய இணைப்பின் எண் எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகிவிடும். அதை வைத்து ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். மறுநாள் மதியம், மற்றவர்கள் எனக்குச் செய்தி விடும் என் பேச்சுப் பக்கத்தில், அந்தச் சண்டைக்காரர் இந்தியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்.

'நீங்கள் காஞ்சிபுரமா?'

பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம் நின்று நின்று கேட்டது. கம்பெனியில் வேலையாக இருந்த கணவரைக் கூப்பிட்டேன்.

"ஊர் பேரு மட்டும்தானே தெரிஞ்சிது? இவ்ளோ பெரிய ஊர்ல உன்ன எவன் தேடிக்கினு வரப்போறான்? ஷிப்ட்ல இருக்கேன்மா, வெச்சுடு."

வைத்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. பட்டு நெசவைப் பற்றிய கட்டுரைக்காக, எங்கள் தெருவில் காலையில் தறிக்கான இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டியிருந்ததை நானே படமெடுத்து அதே புனைபெயரில் ஏற்றியிருந்தேன். திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். தெரு நீளத்துக்குச் சிவப்பு இழைகள். வலது ஓரத்தில் எங்கள் வீட்டுப் பச்சை கேட். கேட்டுக்கு முன்னால் என் மகளின் இளஞ்சிவப்பு மூன்று சக்கர வண்டி. எடுத்தபோது என் கண்ணில் பாவு மட்டும்தான் பட்டிருந்தது. ஊர், தெரு, கேட், எல்கேஜி படிக்கும் பெண் குழந்தை. எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

நிர்வாகிகள் பார்க்கும் பொதுப் பக்கத்தில் எழுதினேன்: என் எண்ணை மறையுங்கள், இந்தப் படத்தை நீக்குங்கள், என் குழந்தைக்கு ஆபத்து. இரண்டுக்கும் இணைப்பு கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பழைய பயனர் ஒருவர் பதில் போட்டார். 'முதலில் இதை இங்கிருந்து அழியுங்கள். இப்படிப்பட்டதை மின்னஞ்சலில் மட்டும்தான் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஒவ்வொருவரும் இப்போது அந்தப் படத்தைத்தான் திறந்து பார்ப்பார்கள்.'

அழித்தேன். மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ. பள்ளி வேன் வர நேரம் இருந்தும் தெருமுனைக்குப் போய் நின்றேன். வேன் வந்ததும் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "நான் நடப்பேன்மா" என்று உதைத்தாள்.

வீட்டை நெருங்கும்போது ஒரு கார் எங்களைத் தாண்டிப் போய் மெதுவாக நின்றது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இறங்கினார். உள்ளே ஒரு பெண் இருந்தார். இறங்கியவர் இந்தியில், "தங்கச்சி, கொஞ்சம் இதப் பாருங்க" என்றபடி கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். நான் பார்க்கவில்லை. மகளின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டு, "தெரியாது, இந்தி தெரியாது" என்று தமிழில் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன்.

மாமியார் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நேராகப் போய் அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

"பொடவக் கடையா? நேரா போ சாமி. கோயில் மதிலு வரும். அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்பு. கைய பாரு, இந்தக் கை." தன் வலது கையை உயர்த்திக் காட்டினார். காரில் வந்தவர் சிரித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"ஏம்மா, நாள் முழுக்க இந்தியிலயே வாய் பொளந்து பாத்துக்கினு இருக்கியே, ஒரு வழி சொல்லக்கூடாது? கொழந்தைய ஏன் இப்டி நசுக்குற?"

நான் மூன்று சக்கர வண்டியை உள்ளே தூக்கிப்போய்க் கதவைத் தாழிட்டேன்.

அன்று மாலையே எண்ணை மறைத்துவிட்டார்கள், படத்தையும் நீக்கிவிட்டார்கள். பார்த்தவர் பார்த்ததை என்ன செய்வது? அந்த ஒரு வரி மட்டும் என் பேச்சுப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் ஒரு காஞ்சிபுரம் புடவை இருக்கலாம். அதைப் பற்றிக் கேட்க நினைத்திருக்கலாம். ஆனால் நான் சுருக்கி எழுதிய தொடர்களில் வில்லிகளும் முதலில் மரியாதையாகத்தான் ஊரை விசாரிப்பார்கள். எது என்று தெரியவில்லை. பதில் எழுதவும் இல்லை. இரண்டாவது நாயகி இப்போது முதன்மைப் பாத்திரங்களில் இருக்கிறாள். நான் கை வைப்பதில்லை.

"உள்ளயே ஓட்டி ஓட்டித் தரையெல்லாம் கோடு. வெளிய விடும்மா அதை" என்றார் மாமியார் ஒரு வாரம் பொறுத்து.

கேட்டைத் திறந்துவிட்டேன். மகள் ஓட்ட, நான் பக்கத்திலேயே நடக்கிறேன். தெருமுனையில் ஏதாவது வண்டி திரும்பினால் என் கை தானாகப் போய் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொள்கிறது.

"விடும்மா, நான் எங்கயும் போவல" என்கிறாள்.