கடலில் சுவர் தேடியவர்

கொரோனாவுக்காக அடைத்துவைத்த கிரிவலப் பாதையை மறுபடி திறந்துவிட்டார்களே, அந்த வருஷம்தான் நாங்கள் மூன்று பேரும் கடலுக்குப் போனோம். அதற்கு அடுத்த வருஷம் ஏழுமலை போய்ச் சேர்ந்தான். மலையில் மண் சரிந்ததற்கு அடுத்த வருஷம், மல்லாட்டைச் செடி பிடுங்குகிற நேரத்தில், ஜமால் பாயும் போய்விட்டார். எனக்குத் தேதி சொல்லத் தெரியாது. இப்படித்தான் வருஷங்கள் என் மனசில் நிற்கின்றன.

தினமும் காலையில் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்ததும் பாய் எனக்குப் போன் செய்வார். "முனுசாமி?" என்பார். "இருக்கேன் பாய்" என்பேன். அவ்வளவுதான், வைத்துவிடுவார். அன்றைக்கும் போன் அடித்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதம். எடுத்து, "இருக்கேன் பாய்" என்றேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி நஸ்ரின். "முனுசாமி தாத்தா, நானா போயிட்டாங்க" என்றாள். அவர்கள் வீட்டில் அம்மாவைப் பெற்றவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வருகிறவர்கள் முன்னால் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று பாய் வீட்டில் கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்தால் பேச்சும் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல நஸ்ரின் எழுதுகிறாள். அவளே உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். நான் பின்னால் எங்காவது உட்கார்ந்திருப்பேன்.

உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் வேங்கிக்கால் ரோட்டு மோட்டார் கடை ஜமால் பாய். காயில் கம்பி சுற்றிய மோட்டாரைத் தண்ணீர் இறைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார். அதை எந்த நாளில் செய்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? பௌர்ணமி அன்றைக்கு. கடை வாசலில் பெரிய தொட்டி வைத்து, நாலைந்து மோட்டாரை வரிசையாக ஓடவிடுவார். மலை சுற்றி முடித்து ரோட்டோடு வருகிற ஜனம் அதில் கால் கழுவிக்கொண்டு போகும். "இன்னைக்கே எதுக்கு பாய், கூட்டத்துல?" என்று ஒரு தடவை கேட்டேன். "மோட்டாரும் தெரிஞ்சிக்கட்டும்டா, யாருக்காக ஓடுறோம்னு" என்றார். வாடிக்கைக்காரர் எத்தனை அவசரப்பட்டாலும் பௌர்ணமிக்கு முன்னால் மோட்டார் கைக்கு வராது. திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள்.

கடை அவருடையது. கிணற்று வேலைக்கு நாங்கள் மூன்று பேர்: பாய், அடி அண்ணாமலை ஊர்க்காரன் ஏழுமலை, நான். மோட்டாரை உள்ளே இறக்குவோம், பழுதானதைத் தூக்குவோம். தண்ணீருக்கடியில் குழாய் முனையில் இருக்கிற வால்வை முங்கிப் போய் மாற்றுவோம். பாய் வைத்த சட்டங்கள் மூன்றுதான். கயிறு இடுப்பில் இருக்கவேண்டும், காலில் ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்கக் கூடாது. விழுந்தால் உடனே சுவரைப் பார்த்து நீந்தவேண்டும். கிணற்றில் எங்கே விழுந்தாலும் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். மூன்றாவதுதான் முக்கியம். மேலே நிற்கிறவன் அடிக்கடி பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். கீழே இருக்கிறவன் எந்த வேலையில் இருந்தாலும் கையை நிறுத்திவிட்டு "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். கையை நிறுத்தாமல் சொன்னால் பாய்க்குக் குரலிலேயே தெரிந்துவிடும். "வேலை செஞ்சிக்கினே சொல்றான் பாரு. நிறுத்திட்டுச் சொல்லு" என்று மேலிருந்து கத்துவார்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பாழுங்கிணறு. ரொம்ப நாளாய் இறைக்காதது. நான்தான் இறங்கினேன். உள்ளே காற்று கெட்டுக் கிடந்தது எனக்குத் தெரியவில்லை. தலை கிறுகிறுத்தது மட்டும் ஞாபகம். மேலிருந்து பாய் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கிறார். அதற்கும் இல்லை. மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காமல் ஏழுமலையும் அவரும் கயிற்றை இழுத்துவிட்டார்கள். மூட்டை மாதிரி மேலே வந்தேன். கண் திறந்ததும், "மூணாவது தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கலாமே பாய்" என்று விளையாட்டாய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதை உன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்றதுக்கு வச்சிருந்தேன்" என்றார். அன்றைக்கு வாங்கிய டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

பாய்க்கு வயதான பிறகு அவர் மகள், இனிமேல் கிணற்றில் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பாய் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். அப்போது நஸ்ரின் புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். லீவில் வந்தவள் போனில் ஒரு படம் காட்டினாள். கடல். ஒரு நீளப் பலகை. அதன்மேல் ஆள் நின்றுகொண்டு, கையில் ஒரே துடுப்பை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான். பாய் போனைக் கையில் வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். "முனுசாமி, அறுபது அடி ஆழம் கீழ போயிருக்கோம். தண்ணி மேல ஒரு அடி நடந்திருக்கோமாடா?" என்றார்.

"உங்க பொண்ணு என்னா சொல்லும்?" என்றேன்.

"கிணத்துல இறங்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கா. கடல்ல ஏறக் கூடாதுன்னு சொல்லலையே."

மூன்று பேருக்கும் நஸ்ரினே ஏற்பாடு செய்துவிட்டாள். மாசி மாதம், கடல் படுத்துக் கிடக்கிற சமயம். புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர். எங்களை அங்கே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது நஸ்ரின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தாத்தா, அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை. நானாவை முழுசா கொண்டாந்து குடுத்துடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் கையைப் பிடித்திருந்த பிடி சிரிக்கவில்லை.

ஏழுமலை கடலை ஒரு தடவை பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். "எதிர்க்கரையே இல்லாத தண்ணியில எவன்யா இறங்குவான்? நீங்க போய்ச் சாவுங்க. நான் செருப்பைப் பார்த்துக்கறேன்" என்றான்.

கூட்டிக்கொண்டு போனவர் அந்த ஊர் மீனவர், சேவியர் என்று பேர், நாற்பது வயசு இருக்கும். ஆரஞ்சு நிறச் சட்டை மாதிரி ஒன்றை மாட்டிவிட்டார். அதைப் போட்டால் ஆள் மிதப்பானாம். பலகையோடு பிணைத்திருந்த ஒரு வாரை எடுத்து அவரவர் கணுக்காலில் கட்டினார். "ஐயா, விழுந்தா பயப்படாதீங்க. இந்தப் பலகைதான் உங்களுக்குக் கரை. வேற எதையும் தேடாதீங்க" என்றார். பாய் தலையை ஆட்டினார். சேவியர் என் பக்கம் திரும்பியதும், பாய் குனிந்து தன் கணுக்கால் வாரை அவிழ்த்துவிட்டார். நான் பார்த்தேன். காலில் கயிறு இருக்கக் கூடாது என்பது நாங்கள் மூன்று பேரும் காலமெல்லாம் காத்துவந்த சட்டம். சரியாய்த்தான் செய்கிறார் என்று நினைத்தேன். நானும் என் வாரை அவிழ்த்தேன்.

கழிமுகத்தில் ஏறிக் கடலுக்குள் போனோம். நான் கடைசி வரைக்கும் முட்டி போட்டபடிதான் இருந்தேன். பாய் கொஞ்ச தூரம் போனதும் எழுந்து நின்றுவிட்டார்! முதலில் கால் வெடவெடவென்று ஆடியது. பிறகு நின்றுவிட்டது. வெள்ளைத் தாடியும் ஆரஞ்சுச் சட்டையுமாய், துடுப்பைப் போட்டுப் போட்டுப் போகிறார். கரையோரம் செம்மண் மேடு, மேலே பனைகள், காயவைத்த வலைகள், சவுக்குத் தோப்பு, ஒரு மாதா கோயில். கரையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறேன். கடலில் இருந்துகொண்டு கரையைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் வேறு ஊர் மாதிரி தெரிந்தது. பாய் திரும்பாமலே சத்தமாய்ச் சொன்னார்: "நம்ம மலையைச் சுத்தற மாதிரியே இருக்குதுடா. பக்கத்துக்கு ஒரு முகம் காட்டுது."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு மீன்பிடிப் படகு எஞ்சின் ஓட்டிக்கொண்டு போனது. பாய் துடுப்பை நிறுத்திவிட்டுக் காதைச் சாய்த்தார். மோட்டார் சத்தம் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "முனுசாமி, இதுல பேரிங் போயிருக்குடா" என்று படகைப் பார்க்க முழுசாகத் திரும்பினார். படகு கிளப்பிய அலை வந்து பலகையை அடித்தது. பாய் உள்ளே போய்விட்டார்.

உடனே மேலே வந்தார். ஆனால் வார் காலில் இல்லை, பலகை தனியாய் மிதந்து போகிறது. பாய் நாலு பக்கமும் பார்த்தார். கரை அரித்துப் போகாமல் இருக்கக் கடலுக்குள் பாறைகளைக் கொட்டி வைத்திருப்பார்களே, அது ஒன்று அந்தப் பக்கம் நீண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கல் கட்டிய கிணற்றுச் சுவர் மாதிரியே இருக்கும். பாய் அதைப் பார்த்து நீந்த ஆரம்பித்தார். கடல் எத்தனை அமைதியாய் இருந்தாலும் அந்தக் கல்லில் மட்டும் அலை மோதிச் சிதறிக்கொண்டிருந்தது. கல் முழுக்கக் கத்தி மாதிரி சிப்பி. என் பக்கத்தில் இருந்த சேவியர், "ஐயா, கல்லுகிட்ட போகாதீங்க! பலகை, பலகை!" என்று கத்திக்கொண்டே வேகமாய்த் துடுப்புப் போட்டார். பாய் திரும்பவே இல்லை. ஐயா என்று வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டாராம். அவரை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்?

எனக்குக் கிணற்று மேட்டில் நிற்பது போல இருந்தது. "பாய்!" என்றேன். அலைச் சத்தத்தில் அது அவருக்கு எட்டவில்லை. அவர் நீந்திக்கொண்டே இருந்தார். கல் கிட்டே வந்துவிட்டது. அடிவயிற்றிலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"ஜமால் பாய்!"

கை நின்றது. அலைக்கு நடுவில் அப்படியே மிதந்துகொண்டு, முகத்தைத் திருப்பாமல், "இருக்கேன்!" என்றார்.

"நில்லு பாய்! இங்க சுவரு கிடையாது! பலகைதான்!" என்று கத்தினேன். அவர் நின்றார். அந்த நேரம் போதுமாய் இருந்தது, சேவியர் போய் அவர் சட்டையைப் பிடித்துத் தன் பலகையில் இழுத்துப் போட்டார். முழங்கையில் மட்டும் ஒரு கல் உரசித் தோல் போயிருந்தது.

கரைக்கு வந்ததும் ஏழுமலை எங்கள் இரண்டு பேரையும் வைது தீர்த்தான். சேவியரையும் விடவில்லை. பாய் மணலில் மல்லாந்து கிடந்தார். "ரெண்டாவது தடவைதான்டா கேட்டுச்சு" என்றார். "மூணாவதை உங்க பொண்ணுகிட்ட போய்ச் சொல்றதுக்கு வச்சிருந்தேன்" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்போது சேவியரிடம், "தம்பி, அந்தப் படகு யாருதுன்னு பார்த்து எஞ்சினைப் பிரிக்கச் சொல்லு" என்றார். பத்து நாள் கழித்து சேவியர் போன் செய்தார். அவருடைய சித்தப்பா படகாம். பிரித்துப் பார்த்தார்களாம், பேரிங் போயிருந்ததாம். பாய் அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோரிடமும் அதைச் சொன்னார். விழுந்ததைச் சொல்லவில்லை.

மகளிடம் மட்டும் மறைக்கவில்லை. முழங்கையைக் காட்டி அவரே சொல்லிவிட்டார். அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வழக்கத்தைவிட ஜாஸ்தியாய் வந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில்தான் முதல் போன் வந்தது. "முனுசாமி?" என்றார். "என்னா பாய், காலங்காத்தால?" என்றேன். "பதில் சொல்லுடா." "இருக்கேன் பாய்." "கடல்ல நீ கூப்பிட்டே. இனிமே மேல நிக்கிறது என் முறை" என்று வைத்துவிட்டார். எனக்கு அடுத்து ஏழுமலைக்கு. அவன் தினமும் ஏதாவது திட்டிவிட்டுத்தான் "இருக்கேன்" என்பானாம். ஒருநாள் இரண்டு தடவை அடித்தும் அவன் எடுக்கவில்லை. பாய் மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனார். என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டார். ஏழுமலை தூக்கத்திலேயே போயிருந்தான். அதற்கப்புறமும் பாய் போனை நிறுத்தவில்லை. ஒரு ஆளுக்காக ஒரு போன்.

அவருடைய கடைச் சாமான் எதுவும் எனக்கு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் கையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வது. அது போதும் எனக்கு.

நஸ்ரின், இதைப் படித்து முடித்ததும் எனக்காக ஒரு காரியம் செய்யம்மா. இப்போது மேலே நிற்க நான் ஒருத்தன்தான் மிச்சம். மேலே நிற்கிறவர் தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் நீ கூப்பிடு. சத்தமாய், ஒவ்வொரு பேருக்கும் இரண்டு தடவை, நடுவில் கொஞ்சம் நேரம் விட்டு.

ஏழுமலை.

ஜமால் பாய்.

முனுசாமி.