கதவோர பெஞ்சில் ஜோஃபியா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம் மே மாதக் கடைசியில் ஜோஃபியா க்ராய்ச்சோவா மலையிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகவில்லை. மரம் வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துப் போட போன வருஷம் மே மாதம் போனவள் ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறாள். விர்பினா ஊர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தது. கணக்குச் சரியாக வந்தது.

நான் பவ்லீனா. அந்த ஊர் லுத்தரன் கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவள். ஜோஃபியாவும் நானும் ஒரே வருஷம் திடப்படுத்தல் எடுத்துச் சபையில் முழு உறுப்பினரானவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இருந்தும் உண்மை எனக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ஏப்ரலில் நகரத்து யூதர்களை வதைமுகாம்களுக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடையில் வேலை பார்த்த எமிலும் அவன் மனைவி ரெகீனாவும் ஐந்து வாரக் குழந்தையோடு காட்டு வழியாக ஓடிவந்து, மரம் வெட்டும் முகாமின் சமையல் குடிசையில் விழுந்தார்கள். ஹங்கேரி எல்லையைத் தாண்ட வேண்டும். எல்லையில் குழந்தை அழுதால் மூன்று பேரும் செத்தார்கள். ஜோஃபியா குழந்தையை வாங்கிக்கொண்டாள். முகாமின் மேஸ்திரி மத்தேய் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஏம்மா, இதைத் தூக்கிட்டு ஊருக்குப் போய் என்னன்னு சொல்லுவ?"

"என்னோடதுன்னு சொல்லுவேன்."

"உன் மானம் கப்பலேறுமே!"

"ஏறட்டும். குழந்தையா இருந்த ஆண்டவரை ராஜா கொல்லத் தேடினப்ப அவங்கம்மா அவரைக் கையில வச்சுக்கிட்டு எகிப்துக்கு ஓடினாங்களே, அங்க யாரோ ஒருத்தி கதவைத் திறந்து விட்டிருப்பா இல்ல? அவ பேரு வேதத்துல இல்ல. ஆனா அப்படி ஒருத்தி இருந்திருக்கணும்."

மத்தேயும் முகாமில் இருந்த மற்றப் பதினோரு ஆண்களும் அன்றைக்கு வாயை மூடியவர்கள்தான். குடித்தாலும் திறக்கவில்லை.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள் கதவோரம் தனி பெஞ்சில் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் சபை நடுவில் நின்று தகப்பன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். போதகர் யுராய் ஹ்ரஸ்கோ நேர்மையானவர், கண்டிப்பானவர். மூப்பர்கள் முன்னால் கேட்டார்.

"தகப்பன் யாரம்மா?"

"சொல்ல மாட்டேன் ஐயா."

"பாவத்துக்கு வருத்தப்படுறியா?"

"என் பாவங்களுக்கு வருத்தப்படுறேன். இந்தக் குழந்தைக்காக ஒரு நாளும் வருத்தப்பட மாட்டேன்."

இப்படி ஒரு பதிலை அந்தச் சபை கேட்டதில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், எடிதா என்று பெயர் எழுதினார்கள். தகப்பன் என்ற இடத்தில் போதகர் ஒரு கோடு போட்டார். ஜோஃபியா நிமிர்ந்த தலையோடு நடந்துபோய்க் கதவோர பெஞ்சில் உட்கார்ந்தாள். குளிர்காலத்தில் ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் பனிக்காற்று முதலில் அவள் முகத்தில்தான் அடிக்கும். ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. பாட்டு வந்தால் எல்லோரையும்விட உரக்கப் பாடுவாள்.

"வெட்கங்கெட்டவ, குரலைப் பாரு" என்பார்கள் பெண்கள். கிணற்றடியில் அவள் வந்தால் விலகுவார்கள். "பன்னிரண்டு பேர்ல யாருன்னு அவளுக்கே தெரியாதோ என்னவோ" என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். அவள் வீட்டுப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டேன்.

நாற்பத்து நான்கு இலையுதிர் காலத்தில் தங்களுக்கு எதிராக எங்கள் நாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிவிட்டு ஜெர்மானியர் எங்கள் பள்ளத்தாக்குக்குள் வந்தார்கள். பக்கத்து ஊரில் யூதர்களை ஒளித்து வைத்தவன் வீட்டை ஆட்களோடு கொளுத்தினார்கள். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது கோவில் முற்றத்தில் ஒரு ஜெர்மன் அதிகாரி நின்றிருந்தான். கூடவே ஜெர்மானியரோடு சேர்ந்த உள்ளூர்க் காவல்படையின் கறுப்புச் சீருடையில் இம்ரிச், எங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். இம்ரிச் நேரே ஜோஃபியாவிடம் போனான்.

"இது யாரு குழந்தை?"

"என்னோடது."

"அப்பன் யாரு?"

"மூப்பருங்க ரெண்டரை வருஷமாக் கேக்குறாங்க, அவங்களுக்கே சொல்லல. மூணாங்கிளாஸ்ல என் வீட்டுக்கணக்கைத் திருடி எழுதினவன் நீ, உனக்கா சொல்லப்போறேன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இம்ரிச்சின் காது சிவந்தது. அப்போது எங்கள் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். ஜோஃபியாவைக் காப்பாற்ற அல்ல, அடக்கி வைத்த வெறுப்பில். "இவ யோக்கியதை எங்களுக்குத் தெரியாதா?" "மலையில போய்ப் பெத்துக்கிட்டு வந்தவதானே!" போதகர் உள்ளே போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து அதிகாரி முன்னால் விரித்தார். "இந்தப் பொண்ணோட பாவத்தை நானே என் கையால எழுதினேன்" என்றார். அவர் நம்பியதைத்தான் சொன்னார். அதிகாரிக்கு இம்ரிச் மொழிபெயர்த்தான்.

பிறகு மத்தேயைக் கூப்பிட்டான். "நீதானே மேஸ்திரி? வயிறு தெரிஞ்சுதா உனக்கு?"

மத்தேய் தாடையைச் சொறிந்தான். "குளிருக்கு நாலு சட்டை, மேல ஆட்டுத்தோல் கோட்டு. அந்தக் கோட்டுக்குள்ள ஒரு கன்னுக்குட்டியை வச்சிருந்தாலும் தெரியாதுப்பா."

அதிகாரி அலுத்துப்போய்க் கையை வீசினான். அவர்கள் போய்விட்டார்கள். ஜோஃபியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். அவள் தாண்டும்போது மத்தேய் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். கதவோர பெஞ்சில் உட்காருகிறவளுக்கு யாரும் தொப்பி கழற்றுவதில்லை. அப்போதும் நான் அவள் பின்னால் போகவில்லை, ஆர்மோனியத்தை மூட உள்ளே திரும்பினேன்.

போர் முடிந்த வருஷம் ஆகஸ்டில் ரெகீனா வந்தாள், ஒட்ட வெட்டிய முடியோடு, தனியாக. எமில் திரும்பவில்லை. குழந்தை ஜோஃபியாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "ஞானஸ்நானம் கொடுத்துட்டீங்களா?" என்று ரெகீனா கேட்டாளாம். "பேப்பருக்காகக் கொடுத்தேன். இவ அம்மா அப்பா வழியில போகவேண்டியவன்னு ஆண்டவர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றாள் ஜோஃபியா. ரெகீனா மூன்று வாரம் அங்கேயே தங்கினாள், குழந்தை அவளிடம் ஒட்டும்வரை. அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த ஜோஃபியா இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை.

அதற்குள் ஊருக்கே உண்மை தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் போதகர் போனார். கூடவே நானும். அந்தக் கண்டிப்பான மனிதர் அவள் அடுப்படியில் முழங்காலிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால உன்மேல குத்தமே இல்லைன்னு அறிவிக்கிறேன்மா. உன்னை முதல் வரிசையில உக்கார வைக்கணும்."

"எந்திரிங்க ஐயா. எனக்கு முதல் வரிசை வேணாம். அந்தப் பெஞ்சுல என் பக்கத்துல அன்னா இருந்தா, ஊமை தெரேசா இருந்தா. அவங்க நிஜமாவே பெத்தவங்க. நான் பெக்கலைன்னு என்னை மட்டும் எழுப்பினா, அவங்களை உக்கார வச்சது சரின்னு ஆயிடும். பெஞ்சை எடுங்க. எடுக்குற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்."

மூப்பர்கள் எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். அவளும் எட்டு மாதம் அங்கேயே உட்கார்ந்து, முன்பைவிட உரக்கப் பாடினாள். ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை போதகரே பெஞ்சை வெளியே தூக்கிவந்து கோடாலியால் பிளந்தார்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அதற்கெல்லாம் முன்னாலேயே, அந்த அடுப்படியில், போதகர் போன பிறகு.

"ஒரு தடவைகூட நீ என்னைக் கேக்கலையேடி, பவ்லீனா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன். ஆனா நீ கேட்டிருக்கலாம்."

அதற்குமேல் திட்டவில்லை. உருளைக்கிழங்கு உருண்டையும் ஆட்டுப்பாலாடைக்கட்டியும் ஒரே தட்டில் வைத்தாள்.

ஐம்பதுகளில் புதிய கம்யூனிஸ்ட் அரசாங்கம் போதகர் ஹ்ரஸ்கோவைச் சிறையில் போட்டது. ஊர் அவர் மனைவியைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனது. ஜோஃபியா பட்டப்பகலில், கட்சி அலுவலக வாசல் வழியாகவே, ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனாள். "எங்க போறே?" என்று வாசலில் நின்றவன் கேட்டான். "கண்ணு தெரியலையா? கூட வா, கூடை கனமா இருக்கு" என்றாள். இந்தத் தடவை நானும் பக்கத்தில் இருந்தேன், பால் கேனோடு. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன்.